மெரில் பெர்னாண்டோவின் நியாயமும் மலையகத்து மாளிகை விடுதிகளும்

கொட்டகலையிலிருந்து அட்டனுக்கு வந்து, டிக்கோயாவைக் கடந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பொகவந்தலாவையை நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே, புல்வெளியும் பூந்தோட்டமும் சூழத் தனித்தனியே வீற்றிருக்கும் பழைய பங்களாக்கள் சிலவற்றைக் காணலாம். ஒரு காலத்தில் பெரிய துரைமார் குடியிருந்து தோட்டங்களை ஆண்ட அந்த இல்லங்களில், இன்று உலகத்தின் நானா திசைகளிலுமிருந்து வரும் செல்வந்தர்கள், ஓர் இரவுக்குப் பல நூறு அமெரிக்க டொலர் கொடுத்துத் தங்கிச் செல்கிறார்கள். ‘சிலோன் டீ ட்ரெய்ல்ஸ்’ என்னும் பெயரில் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, இலங்கையின் உல்லாசப் பயணத்துறைக்கே ஒரு புதிய வழியைக் காட்டிய இவ்விடுதிகள், ‘டில்மா’ தேயிலையை உலகறியச் செய்த மெரில் ஜே. பெர்னாண்டோவின் குடும்பத்தாருடைய முயற்சியால் உருவானவை.

ஒரு தொழிலதிபரின் ஜீவியத்தை எழுதப் புகுவோர், அவர் சேர்த்த செல்வத்தையும் எழுப்பிய கட்டிடங்களையும் வரிசைப்படுத்திப் புகழ்ந்து முடிப்பது வழக்கம். மெரில் பெர்னாண்டோவின் வரலாற்றை அப்படி எழுதி முடித்தால் அதன் சாரம் நழுவிப் போய்விடும். ஒரு பொருள் எந்த மண்ணில் விளைகிறதோ, எவருடைய உழைப்பால் உருப்பெறுகிறதோ, அந்த மண்ணுக்கும் அந்த மக்களுக்குமே அப்பொருளின் மேல் ஏறும் மதிப்பில் முதல் உரிமை உண்டு என்ற ஒரே கொள்கைக்காக அவர் தம் ஆயுளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். தேயிலையில் அவர் நிலைநாட்டிய அந்த நியாயம், மலையகத்தின் மாளிகை விடுதிகளிலும் குறைவின்றி அநுஷ்டிக்கப்பட வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவைக்கும் அறையிலிருந்து தொடங்கிய வழக்கு

1930ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள பல்லன்சேனை என்னும் சிற்றூரில் மெரில் பெர்னாண்டோ பிறந்தார். நீர்கொழும்பு மாரிஸ் ஸ்டெல்லா கல்லூரியில் கற்று, 1950களின் தொடக்கத்தில் தேயிலை சுவைக்கும் தொழிலைப் பயில முன்வந்தபோது, அத்தொழிலின் கதவு இந்நாட்டவருக்குப் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது. காரமான கறி உண்டு பழகிய நாவுக்குத் தேயிலையின் நுட்பமான சுவை பிடிபடாது என்னும் அபிப்பிராயம் வெள்ளைக்காரக் கம்பனிகளில் நிலவியதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தேயிலை சுவைக்கும் அறையை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தத் தொழிலின் கம்பீரம் தெரியும். நீண்ட மேசை ஒன்றின் மேல், ஒவ்வொரு தோட்டத்தின் தூளுக்கும் ஒவ்வொன்றாக வெண்கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒரே நிறையாக அளந்திட்ட தூளின் மேல் கொதிநீர் ஊற்றி, ஐந்தாறு நிமிஷம் ஊறவிட்டு, வடித்த சாயத்தைச் சுவைப்பவர் கரண்டியால் அள்ளிச் சத்தத்தோடு உறிஞ்சி, நாவின் நாலு பக்கமும் படரவிட்டு, உடனே உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். அந்தச் சில வினாடிகளில் அவர் சொல்லும் சொல்லே, காலை ஆறரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணின் ஒரு நாள் உழைப்புக்குச் சந்தையில் விலையாகும். விலை சொல்லும் அதிகாரம் முழுவதும் அந்நியர் வசம் இருந்த காலத்தில், சுதேசி ஒருவர் அந்தக் கரண்டியைக் கையில் ஏந்தியதே ஒரு பெரிய காரியந்தான்.

பயிற்சியின் பொருட்டு இலண்டன் சென்று, உலகத் தேயிலை வியாபாரத்தின் தலைமைப்பீடமாக அந்நாளில் விளங்கிய மின்சிங் லேன் வீதியில் அவர் கண்ட காட்சிதான் அவருடைய ஜீவியத்தின் திசையை நிர்ணயித்தது. இலங்கையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறிய தேயிலை, அங்கே மலிவான பிறநாட்டுத் தூளோடு கலக்கப்பட்டு, அழகிய டப்பாக்களில் அடைக்கப்பட்டு, அந்நியக் கம்பனிகளின் பெயர் சூட்டப்பெற்று, பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. விளைவித்த நாட்டுக்குக் கிடைத்தது மூலப்பொருளின் அற்ப விலை. பெயரும் லாபமும் கீர்த்தியும் கலந்தவனுக்கும் கட்டியவனுக்கும் போயின. கொழும்பில் 1883ஆம் ஆண்டிலேயே தேயிலை ஏலம் தொடங்கிவிட்டபோதிலும், ஏலத்தில் விற்பனையான பின் அந்தத் தேயிலைக்கு இலங்கை என்ற அடையாளம்கூட எஞ்சவில்லை.

தாயகம் திரும்பிப் பிறருடைய ஸ்தாபனத்தில் அநுபவம் பெற்று, பின்னர் தமது சொந்தக் கம்பனியை நிறுவிய அவர், நெடுங்காலம் மொத்த ஏற்றுமதி வியாபாரத்தையே நடத்த நேர்ந்தது. எனினும், விளைந்த இடத்திலேயே பொதி செய்து, விளைவித்தவனுடைய பெயரிலேயே விற்க வேண்டும் என்ற சங்கற்பம் அவரை விடவில்லை. 1980களில், தம் புதல்வர்களான டில்ஹான், மலிக் ஆகிய இருவரின் பெயர்களையும் இணைத்து ‘டில்மா’ என்று நாமகரணம் செய்து, அவுஸ்திரேலியச் சந்தையில் அவர் இறங்கியபோது, பிரமாண்டமான பன்னாட்டுக் கம்பனிகளின் எதிரே ஒரு சிறு தீவின் வியாபாரி நின்று பிடிப்பானோ என்று ஐயுற்றவர்கள் பலர். விளம்பரங்களில் தாமே தோன்றி, குடித்துப் பாருங்கள் என்று தம் சொந்தக் குரலில் வேண்டிக்கொண்ட அந்த முதியவரை அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தவரும் நம்பினார்கள். 2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி, தமது 93ஆவது வயதில் அவர் காலமானபோது, அவருடைய தேயிலை உலகின் பல நாடுகளிலும் விற்பனையாகிக்கொண்டிருந்தது.

துரை பங்களா விடுதியான விதம்

தந்தை தேயிலையில் செய்ததை மூத்த தலைமுறையின் நிழலில் வளர்ந்த மலிக் பெர்னாண்டோ விடுதித் தொழிலில் செய்ய முற்பட்டார். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு வந்த பின்னர், பழைய துரை பங்களாக்கள் பலவற்றில் மராமத்துக்கு ஆளுமில்லை, பணமுமில்லை. கூரை ஒழுகி, மரத்தளம் உளுத்து, கணப்படுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடந்த அவ்வில்லங்களில் சிலவற்றைப் பெற்று, பழைய தோற்றம் சிதையாமல் செப்பனிட்டு, காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டின்சின் ஆகிய நாலு பங்களாக்களோடு அவர் தொழிலைத் தொடங்கினார். இவற்றுள் டின்சின் பங்களா 1888ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அட்டனுக்கு ரெயில் வந்து நாலே ஆண்டுகள் கழிந்து, கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்த காலத்து வீடு அது. ஐந்தாவதாக டன்கெல்ட் பங்களா பின்னர் சேர்ந்தது. உலகின் உயர்தர விடுதிகளை மட்டும் அங்கத்தவராக்கும் ‘ரிலே அன்ட் ஷாட்டோ’ என்னும் பிரெஞ்சுச் சங்கத்தில் இலங்கையிலிருந்து முதன்முதலாக இடம்பெற்ற பெருமையும் இவ்விடுதிகளுக்கே கிட்டியது. வெலிகமையில் 2014இலும், யால வனத்தின் ஓரத்தில் 2017இலும் அவர் அமைத்த விடுதிகள், இவ்விடுதிகளை நடத்தும் ‘ரெஸ்பிளென்டென்ட் சிலோன்’ ஸ்தாபனத்தின் வளர்ச்சியாகும்.

நூற்றுக்கணக்கான அறைகளைக் கொண்ட பெரிய ஹோட்டல் ஒன்றைக் கட்டி எழுப்புவதை விட, நாலைந்து அறைகளே உள்ள பழைய வீடொன்றில் அதிதியை அரசனைப் போல் நடத்துவது கடினமான கலை. விடிந்ததும் படுக்கையருகே தேநீர்த் தட்டு வருகிறது; அது எந்தச் சரிவில் பறித்த கொழுந்து என்பதைக் கொண்டுவந்தவரிடம் கேட்டறியலாம். சாளரத்தைத் திறந்தால், மூடுபனி விலகும் நீர்த்தேக்கத்தின் கரையில் பச்சைத் தேயிலை நிரைகள் தெரிகின்றன. பகலில் தோட்டத்து ஸ்டோருக்குச் சென்று, வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல் என்று கொழுந்து தூளாகும் படிகளைப் பார்த்து வரலாம். விலை கொடுத்து வருபவர்கள் நாடுவது அறையை மட்டுமன்று. ஒரு பிரதேசத்தின் முழு வாழ்க்கையை.

இதே மலையகத்தில் இவர்களுக்கு முன்னோடியாக நின்ற முயற்சி ஒன்றையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 1973இல் இயந்திரம் நின்றுபோய்க் கைவிடப்பட்டுக் கிடந்த கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடித்துத் தள்ளாமல், கொழுந்தை வாட்டிய மேல்மாடிகளையே படுக்கையறைகளாக மாற்றி, எய்ட்கன் ஸ்பென்ஸ் ஸ்தாபனத்தார் 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். பழையதைப் பேணுவதே லாபமும் ஆகலாம் என்பதை இந்நாட்டு முதலாளிகளுக்கு எடுத்துக் காட்டிய கட்டிடம் அது.

இரு தரப்பு அபிப்பிராயங்கள்

இத்தகைய விடுதிகளைப் பற்றி மலையகத்தில் இருவகை அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. துரைத்தனத்தின் பழைய ஆடம்பரத்தைப் புதிய மெருகிட்டு விற்கும் இந்தத் தொழிலே நமக்கு அவமானம் என்பார் ஒரு சாரார். மலைமேல் பங்களாவும், அதன் கீழே தொழிலாளர் வாழும் லயமுமாக அமைந்த அந்தக் காட்சி எத்தனை தலைமுறையின் வேதனையைத் தன்னுள் அடக்கியது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மனக்கொதிப்பு நியாயமானதே. ஆயினும், பங்களாக்கள் பாழடைந்து விழுந்திருந்தால் லயத்தில் வாழ்வோருக்கு ஒரு கல்லும் கிடைத்திருக்கப் போவதில்லை. மண்சரிவுக்கு அஞ்சி வாழும் இம்மலைகள் பெருங்கட்டிடங்களின் பாரத்தையும் பெருங்கூட்டத்தின் நெரிசலையும் தாங்க மாட்டா. வசந்தகாலத்து நுவரெலியாவின் வீதிகளைக் கண்ட எவரும் இதை ஒப்புக்கொள்வர். குறைந்த தொகையினர் வந்து, நிறைந்த பணம் கொடுத்து, இருக்கும் கட்டிடங்களிலேயே தங்கிச் செல்லும் வகையே இப்பிரதேசத்துக்கு உகந்தது. ஆகவே, இத்தொழிலை வெறுத்து ஒதுக்குவது விவேகமாகாது.

மறு சாராரோ, விடுதிக்காரர்கள் தர்ம காரியங்கள் செய்கிறார்களே, வேறென்ன வேண்டும் என்று திருப்தியடைகிறார்கள். மெரில் பெர்னாண்டோ தமது லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தர்ம ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தியதும், அதன் வாயிலாகத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கல்விக்கு உதவி பெற்றதும் போற்றுதற்குரியவை. ஆனால், அவருடைய வரலாற்றையே இங்கு சாட்சிக்கு அழைக்க விரும்புகிறேன். மின்சிங் லேன் வியாபாரிகள் இலங்கையில் நாலு பள்ளிக்கூடங்களும் ஓர் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்திருந்தால், அவர் மனநிறைவோடு மொத்தத் தேயிலையைக் கப்பலேற்றிக்கொண்டே இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார். அவர் கேட்டது தானமன்று. தம் நாட்டுத் தேயிலையைத் தாமே பொதி செய்து, தம் பெயரில் விற்கும் உரிமை. அந்த உரிமையையே மலையக மக்களும் இன்று கேட்க வேண்டும்.

காரணம் வெளிப்படை. விடுதிகள் விற்கும் அழகு இயற்கை தந்தது மட்டுமன்று. காடடர்ந்த மலைகளை வெட்டித் திருத்தி, கான் வெட்டி, பாதை போட்டு, செடி நட்டு, கவ்வாத்து வெட்டி, ஒன்றரை நூற்றாண்டாக ஒவ்வொரு செடியையும் இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கும் கைகள் எவருடையவை? கொழுந்து பறிப்பதைச் சில வாரங்கள் நிறுத்தினால், வெளிநாட்டவர் படம் பிடிக்கும் அந்தச் சமதளப் பசுமை கலைந்து போகும். அந்தக் கைகளுக்கு உரியவர்கள், மெரில் பெர்னாண்டோ தொழில் பழகிய அதே காலத்தில், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு வாக்குரிமையையும் இழந்திருந்தார்கள். நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களுடைய குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டபோது, ஒவ்வொரு தடவையும் நாடு முழுவதும் பெருவிவாதம் நடந்தது. அந்த 1,350 ரூபா, விடுதி அறையொன்றின் ஓர் இரவு வாடகையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

செய்ய வேண்டியவை

முதலாவது, பயிற்சியும் பதவியும். விருந்தோம்பும் தொழில் மலையகத்தாருக்குப் புதிதன்று. தலைமுறை தலைமுறையாகத் துரை பங்களாவின் அடுக்களையில் நின்ற அப்புவும், பிள்ளை வளர்த்த ஆயாவும், ரோஜாப் பாத்தி திருத்திய தோட்டக்காரனும், உலகத்தின் எந்த உயர்தர ஹோட்டலுக்கும் ஈடான பணிவிடையைச் செய்தவர்களே. ஆனால், அந்தக் கைத்திறன் சான்றிதழாக மாறவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு முகாமையாளர் நாற்காலியாகவும் மாறவில்லை.

பணியாளாகத் தொடங்கியவர் அதிபராக உயரலாம் என்பதற்கு இவ்வுலகில் சாட்சிகள் உண்டு. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பாவுன் என்னும் கிராமத்தில் 1898இல் பிறந்த மோகன் சிங் ஓபராய், 1922இல் சிம்லாவின் செசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1934இல் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து கிளார்க்ஸ் ஹோட்டலை வாங்கினார். கொள்ளைநோயால் மூடிக் கிடந்த கல்கத்தா கிராண்ட் ஹோட்டலை 1938இல் குத்தகைக்கு எடுத்தார். 1943இல், தாம் குமாஸ்தாவாக நின்ற செசில் ஹோட்டலே அவர் வசமாயிற்று. அவருடைய சாமர்த்தியம் அபாரமானது என்பதில் ஐயமில்லை. எனினும், அவர் ஏறுவதற்கு ஏணியின் முதற்படி அங்கே இருந்தது. வரவேற்பு மேசையின் முன்னே நின்று கணக்கும் வாடிக்கையும் கற்க ஒரு வாய்ப்பு இருந்தது. கொட்டகலையிலும் பொகவந்தலாவையிலும் பிறக்கும் பிள்ளைக்கு அந்த முதற்படியை அமைத்துக் கொடுப்பது நம் கடமை.

மெரில் பெர்னாண்டோவின் தர்ம ஸ்தாபனம் வசதியற்ற இளைஞருக்காக மொறட்டுவையில் சமையற்கலைப் பள்ளி நடத்துவதை அறிவோம். அத்தகைய ஒரு பள்ளி, தமிழ்மொழி மூலமாகவும் ஆங்கிலப் பயிற்சியோடும், அட்டனிலோ கொட்டகலையிலோ அமைய வேண்டும். அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருக்கிறது. ஆசிரியரை உருவாக்கத் தெரிந்த ஊருக்கு விடுதி முகாமையாளரை உருவாக்குவது அரிதன்று. மலையகத்தில் தொழில் நடத்தும் ஒவ்வொரு உயர்தர விடுதியும், தன்னிடம் பணிபுரிவோரில் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் நிர்வாகப் பதவி வகிப்போர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் பிரசுரிக்க வேண்டும்.

இரண்டாவது, காணி. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ ட்ரெய்ல்’ என்னும் நடைபாதை, தேயிலைத் தோட்டங்களின் பழைய வழிகளை இணைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. கொட்டகலையும் நோர்வூட்டும் அதன் வழியில் அமைந்த ஊர்கள். முதுகுப்பையோடு நடந்து வரும் பயணிகள் லயத்து வாசல்களைக் கடந்தே செல்கிறார்கள். அவர்களுக்கு ஓர் இரவு தங்க அறையும், ரொட்டியும் சம்பலும், சூடான தேநீரும் கொடுத்துக் கௌரவமாகச் சம்பாதிக்கத் தோட்டத்துக் குடும்பங்களால் முடியும். ஆனால், குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி இல்லாதவன் எந்த வங்கியில் கடன் கேட்பான், எதைக் காட்டி விடுதியாகப் பதிவு செய்வான்? ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்று அரசாங்கங்கள் மாறி மாறிக் கொடுத்த வாக்குறுதி, சட்டபூர்வமான உறுதியோடு ஒவ்வொரு குடும்பத்தையும் வந்தடையும் வரை, இப்பிரதேசத்து மக்கள் தங்கள் சொந்த மலையில் உல்லாசப் பயணத்துறையின் வேடிக்கை பார்ப்பவர்களாகவே நிற்க நேரும்.

மூன்றாவது, சரித்திரம். பங்களாவின் சுவரில் தொங்கும் படங்களில் குதிரையேறிய துரைமாரும் பந்தயக் கோப்பைகளும் இருந்தால் போதாது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டு வழியே நடந்து, வழியில் மாண்டவர் போக மீந்தோர் கட்டியெழுப்பியது இம்மலைநாடு என்ற உண்மையையும் அதிதி அறிந்து செல்ல வேண்டும். 2023இல் அந்த வருகையின் 200ஆவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்து காட்டினார்கள். அச்சரித்திரத்தைச் சொல்ல வல்ல இளைஞரையும் யுவதிகளையும் வழிகாட்டிகளாகப் பயிற்றி, உரிய ஊதியத்தோடு அமர்த்தினால், விடுதியின் மதிப்பும் உயரும். சொல்பவருடைய தலையும் நிமிரும்.

இவற்றுள் எதுவும் விடுதி அதிபர்களுக்கு நஷ்டம் தருவதன்று. தன் பிரதேசத்து மக்களுடைய மனநிறைவை இழந்த விடுதி, எத்தனை விருது பெற்றாலும் நிலைக்காது என்பதைத் தொழில் அறிந்தவர்கள் உணர்வார்கள். வியாபாரம் என்பது மானிட சேவையாக இருக்க வேண்டும் என்று மெரில் பெர்னாண்டோ ஓயாது சொல்லி வந்தார். அவர் பெயரைப் போற்றும் தொழிலதிபர்களும், அவர் பெயரால் பெருமை கொள்ளும் அரசாங்கமும், அவர் இலண்டனிடம் கேட்ட நியாயத்தை அட்டன் மலைகளின் மக்களுக்கு மறுக்காதிருப்பார்களாக. கொட்டகலையில் ஒரு விடுதித் தொழிற்கல்லூரி, லயத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காணியுறுதி: இவ்விரண்டும் நிறைவேறுவதே அவருக்குச் செய்யும் உண்மையான ஞாபகார்த்தம்.